ஆற்றில் போட்டாலும் அளந்து போடு: உம்கேனிக் கரையில் முதல் மூன்று ஹோல்

15 ஜூன் 2024 – கேள்வி

கிண்டியில் கோல்ஃப் ஆடிப் பழகியவன் நான். வேலை மாறி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஹேண்டிகேப் 18. உம்கேனி ஆற்றை ஒட்டிய கோர்ஸில் முதல் மூன்று ஹோலுக்குள் ஆறு பந்து தொலைந்துவிட்டது. நான்காவதில் இருந்து ஓரளவு மனிதன் மாதிரி ஆடுகிறேன். அந்த மூன்று ஹோலில் டிரைவரை, அதாவது தூரம் அடிக்கும் நீள மட்டையை, பையிலிருந்தே எடுக்காதே என்கிறார்கள். சரியா?

15 ஜூன், இரவு – பதில்

ஆற்றில் ஆறு. கணக்கு பொருத்தமாகத்தான் இருக்கிறது.

ஒன்பது வருடமாக அங்கேதான் ஆடுகிறேன். கோர்ஸ் பெயர் போடவில்லை, ஆடியவர்களுக்குத் தெரியும். ஆடாதவர்களுக்காக: முதல் மூன்று ஹோலும் தென்கரையில் ஆற்றுக்கு எதிர்த்திசையில் மேற்கே போகும். மூன்றிலும் ஆறு வலப்பக்கம். ஒன்றாவது பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டியது), 352 மீட்டர். இரண்டாவது பார் 3, ஓடை ஒன்று குறுக்கே வந்து ஆற்றில் விழுகிறது, அதைத் தாண்டி அடிக்க வேண்டும். மூன்றாவது பார் 5, ஆறு வளைகிற இடத்தில் ஃபேர்வேயும் (வெட்டிய புல்பாதை) வலப்பக்கம் வளையும். நான்காவது மேட்டில் ஏறி ஆற்றை விட்டுப் போய்விடும். அங்கேதான் உங்களுக்கு மூச்சு வருகிறது.

வலது கைக்காரர்களில் பலருக்கு ஸ்லைஸ் உண்டு, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து போகும். எனக்கு உண்டு. ஸ்லைஸ்காரனுக்கு இந்த மூன்று ஹோலும் பூர்வ ஜென்மப் பாக்கி.

பதில்: ஆமாம், டிரைவர் வேண்டாம். உங்கள் ஹேண்டிகேப் 18 என்றால் ஒவ்வொரு ஹோலிலும் ஒரு அடி இனாம். போகிதான் (பாருக்கு மேல் ஓர் அடி) உங்கள் பார். முதல் ஹோலில் 5 அயர்ன் (டிரைவரை விடக் குட்டையான இரும்பு மட்டை), மறுபடி 5 அயர்ன், சின்னதாகத் தூக்கி ஒரு பிட்ச், குழிக்கு உருட்ட இரண்டு பட். முடிந்தது.

15 ஜூன், பத்து நிமிடம் கழித்து

பிட்ச் கூடத் தேவைப்படாது. 155, 155 போனால் மீதி 42 மீட்டர், முன்னால் பங்கர் (மணல் குழி) இல்லை. உருட்டிவிடலாம்.

17 ஜூன், மாலை

மேலே எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இளைஞர் தினம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் இன்று திங்கள் விடுமுறை. காலையிலேயே போனேன். உங்களுக்குச் சொன்ன வைத்தியத்தை நானே செய்துபார்த்தேன். முதல் டீயில், அதாவது அடிக்கத் தொடங்கும் இடத்தில், 5 அயர்ன். ஆற்றில். இன்னொரு பந்து, அதே 5 அயர்ன். அதுவும் ஆற்றில், கிட்டத்தட்ட அதே இடத்தில். வளையம் வளையமாக விரிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஹடீடா பறவை ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனது. சிரிக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஃபோர்பாலில் (நால்வர் ஆட்டம்) கூட ஆடுபவர் ஒரு அங்கிள். 78 வயது. டர்பனிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், சின்ன வயதில் கேடி வேலை (ஆடுபவரின் பையைத் தூக்கிப் போவது) பார்த்தவர். அவர் பேசும் தமிழ் நூறு வருடத்துக்கு முந்திய தமிழும் டர்பன் ஆங்கிலமும் கலந்தது. என் இரண்டாவது பந்தும் போன பிறகு சொன்னார்: "தம்பி, உன் தோளு எங்க பாக்குது? மலைய பாக்குது. பந்து பாவம், அது என்னா செய்யும்?"

வீட்டுக்கு வந்து யோசித்தபிறகுதான் புரிந்தது. ஆற்றுக்குப் பயந்து உடம்பை இடப்பக்கம் திருப்பி நிற்கிறேன். கால், இடுப்பு, தோள் எல்லாம் இடது பக்கத்து மரங்களைப் பார்க்கின்றன. ஆனால் கண்ணுக்கு ஃபேர்வே நடுவே போக வேண்டும் என்று ஆசை, அதனால் கிளப்பின் (மட்டையின்) முகம் மட்டும் நடுவைப் பார்க்கிறது. பந்து கிளம்புவது பெரும்பாலும் முகம் பார்க்கிற திசையில். வளைவது, கிளப் வீசிய பாதைக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து. பாதை இடது, முகம் அதற்கு வலது. அப்புறம் பந்து வலப்பக்கம் வளையாமல் என்ன செய்யும்? எவ்வளவு இடது திரும்புகிறேனோ அவ்வளவு பெரிய வளைவு.

ஆக 5 அயர்னும் அதே தப்பைத்தான் செய்யும், கொஞ்சம் கிட்டத்தில் செய்யும், அவ்வளவுதான்.

18 ஜூன்

"அப்படியானால் நேராக நின்றால் போதுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கிளிடம் கேட்டேன். அவர் சொன்னது தலைகீழ்: டீயை (பந்தை வைக்கும் முளை) வலது குறிக்குப் பக்கத்தில், ஆற்றோரமாகக் குத்து. அங்கே நின்று பார்த்தால் ஃபேர்வே இடப்பக்கமாகத் தானாக விரியும். ஆறு முதுகுக்குப் பின்னால் போய்விட்ட மாதிரி இருக்கும். நாமெல்லாம் பயத்தில் இடது குறி ஓரமாகப் போய் நிற்கிறோம். அங்கிருந்து ஆறு முழுசாகக் கண்ணில் படும்.

இன்னொன்று. டீ குறிகளுக்கு நேர்கோட்டில்தான் குத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பின்னால் இரண்டு கிளப் நீளம் வரை எங்கே வேண்டுமானாலும் குத்தலாம். முதல் டீயில் முன்பக்கம் எல்லாரும் மிதித்துக் குழியாகிக் கிடக்கிறது. ஒன்றரை அடி பின்னால் போனால் நல்ல தரை. பந்துதான் எல்லைக்குள் இருக்க வேண்டும், கால் வெளியே இருந்தாலும் பரவாயில்லை.

18 ஜூன், பிறகு ஞாபகம் வந்தது

நீங்கள் சென்னைக்காரர். கிண்டியில் கஜக் கணக்கு. இங்கே பலகையில் இருப்பது மீட்டர். இரண்டாவது ஹோல் 142 என்று போட்டிருக்கும், அது 155 கஜம். 142 கஜத்துக்கு எந்தக் கிளப்போ அதை எடுத்து அடித்திருந்தால் பந்து ஓடையில்தான் விழும். உங்கள் ஆறில் இரண்டு இப்படிப் போயிருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

20 ஜூன்

பந்தயத்தில் ஜெயித்தேன். இரண்டு அல்ல, மூன்று பந்து போனதாம். நன்றி.

23 ஜூன், ஞாயிறு

காற்றைப் பற்றி வேறோர் இழையில் நான் எழுதிய பழைய குறிப்பை ஒருவர் தோண்டியெடுத்துக் காட்டியிருக்கிறார்: "வடகிழக்குக் காற்று அடித்தால் முதல் ஹோலில் எல்லாம் ஆற்றுக்குப் போகும்." எழுதியது நான்தான். தப்பு.

மேற்கே பார்த்து நில்லுங்கள். வடக்கு வலது கைப்பக்கம், ஆறும் அங்கேதான். வடகிழக்குக் காற்று வலது தோளுக்குப் பின்னாலிருந்து வரும், பந்தை ஆற்றிலிருந்து விலக்கி இடது பக்கம் தள்ளும். நமக்கு நண்பன். தென்மேற்குதான் வில்லன். முன்னால் இடது பக்கத்திலிருந்து வந்து, பந்தைத் தூக்கி நிறுத்தி, வலப்பக்கம் கொண்டுபோய்ப் போடும். டர்பனில் இந்த இரண்டு காற்றும்தான் மாறி மாறி அடிக்கும். வடகிழக்கு அடித்துக்கொண்டே இருந்து திடீரென்று ஓய்ந்தால், வெயில் ஒரு மாதிரி கனத்தால், அடுத்து தென்மேற்கு வரப்போகிறது, கூடவே மழையும் குளிரும். அந்த இடைவெளியில் டீயில் நிற்கிறவன் புண்ணியம் செய்தவன்.

எதிர்க்காற்றில் சுழற்சி கூடுதலாக வேலை செய்யும், ஸ்லைஸ் இரட்டிப்பாகத் தெரியும். தென்மேற்கு நாளில் நான் டீயை உயர்த்தாமல், பந்தைக் கொஞ்சம் பின்னுக்கு வைத்துத் தாழ்வாக அடிக்கிறேன். அழகாக இருக்காது.

29 ஜூன்

தண்டக் கணக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று நம்மவர்கள் கோல்ஃபுக்காகவே சொல்லி வைத்தது போலிருக்கிறது.

ஆற்றங்கரை முழுக்கச் சிவப்புக் குச்சி. சிவப்பு என்றால் ஓர் அடி தண்டம், மூன்று வழி: பழைய இடத்திலிருந்தே மறுபடி அடிக்கலாம். கொடியையும் பந்து எல்லை கடந்த புள்ளியையும் சேர்க்கும் கோட்டில் பின்னால் போய்ப் போடலாம். இல்லையென்றால், கடைசியாக எல்லை கடந்த புள்ளியிலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், கொடிக்குக் கிட்டே போகாமல் போடலாம். இந்த மூன்றாவதில்தான் அளக்க வேண்டும். பட் அடிக்கும் மட்டையைத் தவிர்த்துப் பையில் உள்ள நீளமான கிளப்பால் அளக்கலாம். எல்லாருக்கும் அது டிரைவர்தான். டிரைவர் வேண்டாம் என்று வீட்டில் வைத்துவிட்டு வந்தால் இங்கே அளவில் அரை அடி நீளம் நஷ்டம். பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட வேண்டும். 2019-க்கு முன்னால் தோள் உயரம். பழைய பழக்கத்தில் இன்னும் கையை நீட்டி நிற்பவர்களைப் பார்க்கிறேன்.

இரண்டாவது ஹோல் ஓடைக்கு மஞ்சள் குச்சி. மஞ்சளுக்கு அந்தப் பக்கவாட்டு வழி கிடையாது. ஓடையைத் தாண்டிப் போய் அக்கரையில் விழுந்து உருண்டு திரும்ப வந்தாலும், இக்கரையில்தான் போட்டு மறுபடி தாண்ட வேண்டும். கண்ணில் நீர் வரும்.

எல்லை கடந்த புள்ளி என்றால் தண்ணீர் தெறித்த இடம் அல்ல. ஸ்லைஸ் ஃபேர்வே மேலேயே வெகுதூரம் பறந்து கடைசியில்தான் கடக்கும், அதனால் முன்னால் போய்ப் போடலாம். கிளம்பும்போதே வலப்பக்கம் போகிற பந்து டீயிலிருந்து ஐம்பது மீட்டரிலேயே கடந்துவிடும். இரண்டும் ஆறுதான், ஆனால் நூறு மீட்டர் வித்தியாசம்.

சந்தேகமாக இருந்தால் கையோடு ஒரு தற்காலிகப் பந்தும் (முதல் பந்து கிடைக்காவிட்டால் தொடர்ந்து ஆடுவதற்கு) அடித்துவிடுங்கள், நேரம் மிச்சம்.

30 ஜூன்

கடைசி வரியை அழித்துவிடுங்கள். போட்டிக் குழுவில் இருக்கும் ஒருவர் திருத்தினார். ஆற்றைத் தவிர வேறெங்கும் பந்து தொலைந்திருக்க வாய்ப்பில்லை என்றால் தற்காலிகப் பந்து என்ற பேச்சே இல்லை. அடித்தால் அதுவே உங்கள் ஆட்டப் பந்து, மூன்றாவது அடி. கரையில் நாணல் இருக்கிறது, அதற்குள்ளும் சிவப்புக் கோட்டுக்கு வெளியேயும் கிடக்கலாம் என்றால் அடிக்கலாம். தேட மூன்று நிமிடம்தான், பழைய ஐந்து நிமிடம் போய்விட்டது.

கோட்டுக்குள் கிடந்து, அடிக்க முடிகிற மாதிரி இருந்தால் தண்டமின்றி அப்படியே அடிக்கலாம். கிளப்பைத் தரையில் ஊன்றவும் 2019-இலிருந்து தடையில்லை. நான் ஒருமுறை ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று நிஜமாகவே நின்று அடித்தேன். பந்து வெளியே வந்தது. ஷூ வரவில்லை.

30 ஜூன், இன்னும் ஒன்று

முதலை இருக்கிறதா என்று ஒருவர். நான் ஒன்பது வருடத்தில் பார்த்தது நீர் உடும்புதான், நம் ஊர் உடும்பை விடப் பெரிசு, பார்த்ததும் ஓடிவிடும். பயப்பட வேண்டியது தண்ணீருக்கே. பில்ஹார்சியா (நீரிலிருந்து தொற்றும் புழு நோய்) உண்டு, கழிவு கலப்பதும் உண்டு. பிப்ரவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து டர்பன் வரை டூசி படகு மாரத்தான் நடக்கும், 1951-இலிருந்து நடக்கிறது, கடைசி நாள் இனாண்டா அணையிலிருந்து கடல்முகம் வரை. அதில் துடுப்புப் போடுகிறவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்குக்கு "டூசி கட்ஸ்" என்றே பெயர். முப்பது ரேண்ட் பந்துக்காக இறங்காதீர்கள்.

குரங்குகள்: மூன்றாவது டீயில் பையின் ஜிப்பை மூடிவையுங்கள். என் சமோசா போனது.

7 ஜூலை

இழை கோல்ஃபை விட்டுப் போகிறது, பரவாயில்லை. அங்கிள் யார், கேடியாக எங்கே இருந்தார் என்று கேட்டவர்களுக்கு.

அவர் காலத்தில் இந்தியன் கிளப்பைத் தூக்கலாம், வீசக்கூடாது. பாப்வா சேவ்கோலமைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்பார். ஆற்றின் கடல்முகத்துக்கு வடக்கே பீச்வுட்டில் கேடியாக இருந்தவர்தான் பாப்வா. வலது கைக்காரர், ஆனால் இடது கை கீழே, வலது கை மேலே, ஊருக்கே தலைகீழான பிடி. 1959, 1960, 1964 மூன்று முறை டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1963-இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பன் ஜெயித்தபோது கிளப்ஹவுஸுக்குள் விடவில்லை, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். 1965-இல் அதே போட்டியில் அன்றைய உலக முன்னணி ஆட்டக்காரர் கேரி பிளேயரையே தோற்கடித்தார். பிறகு வெள்ளையர் போட்டிகளின் கதவை அடைத்தார்கள். 1978-இல் இறந்தார்.

அங்கிள் இந்தக் கதையைச் சொல்லும்போது கோப்பையில் நிற்பதில்லை. பிடியில் நிற்பார். "எல்லாரும் தப்புனு சொன்னாங்க. அவரு மாத்தல." என் பிடியை அவர் மாற்றச் சொன்னதே இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. தோளைத்தான் சொன்னார்.

8 ஜூலை

பாப்வா தமிழரா என்று நான்கு பேர். இல்லை, பெயர் சேவ்சங்கர், நம் சிவசங்கர்தான் அப்படி ஆகியிருக்கிறது. வடக்கத்திப் பெயர். எல்லாரையும் நம்மவர் ஆக்கிவிட வேண்டுமா என்ன?

14 ஜூலை

நம்மவர் வேண்டுமென்றால் ஆற்றிலேயே இருக்கிறார்கள். 1917 அக்டோபரில் உம்கேனி பெருக்கெடுத்தபோது கரையோரத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த இந்தியக் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. மாரிமுத்து படவட்டனும் கூட ஐந்து பேரும் மீன்பிடி படகில் திரும்பத் திரும்பப் போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். 1976 மார்ச்சில் மறுபடி வெள்ளம், ஸ்பிரிங்ஃபீல்டில் டின் டவுன் என்ற தகரக் குடிசைப் பகுதி மூழ்கி, மக்களை டர்பனின் பீனிக்ஸ் பகுதிக்கு மாற்றினார்கள். அங்கிள் குடும்பமும் அப்படிப் போனதுதான். 2022 ஏப்ரல் நம்மில் பலர் கண்ணால் பார்த்தது, மாகாணத்தில் 400 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

2022-க்குப் பிறகு கோர்ஸ் திறந்த அன்று அங்கிளோடு போனேன். மூன்றாவது கிரீன் (கொடிக்குழி இருக்கும் புல்தரை) மேல் வண்டல் காய்ந்து ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செருப்பு, கரும்புச் சக்கை. கொடிக்குழியில் மண். அவர் குனிந்து விரலால் குழியைத் தோண்டிக்கொண்டே இருந்தார், பந்து போடுவதற்காக இல்லை. "அப்பா முள்ளங்கி போட்ட மண்ணு இதான்" என்றார். பக்கத்து மேட்டில் இருந்து கீழே கைகாட்டிச் சொன்னார், எந்த இடம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டது.

நான் அன்றைக்கு ஸ்கோர் எழுதவில்லை.

15 ஜூலை

சரி, கோல்ஃபுக்கு வருவோம். மூன்றாவது ஹோலைப் பற்றி இதுவரை யாருமே கேட்கவில்லை, எல்லாரும் முதல் டீயிலேயே செத்துவிடுகிறார்கள் போல.

487 மீட்டர். வளைவைக் குறுக்கே வெட்டி ஆற்றின் மேலே அடித்தால் இரண்டாவது அடியில் கிரீன் பக்கம் போகலாம் என்று டீயில் இருந்து பார்த்தால் தோன்றும். தோன்ற வைத்திருக்கிறார்கள். ஒன்பது வருடத்தில் நான் வெட்டிப் பார்த்தது எத்தனை தடவை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஜெயித்தது இரண்டு. அந்த இரண்டுதான் ஞாபகத்தில் இருக்கிறது, அதுதான் கோளாறே.

இடப்பக்க ரஃப், அதாவது வெட்டாமல் விட்ட ஓரம், கிக்குயூ புல். பார்க்கப் பச்சைப் பஞ்சு, கிளப் உள்ளே போனால் கையைப் பிடித்து இழுக்கும். ஆற்றுக்குப் பயந்து அங்கே போய் 5 அயர்னை எடுக்காதீர்கள். பெரிய கிளப்பால் அந்தப் புல்லிலிருந்து தூரம் கிடைக்காது. 9 அயர்னால் வெளியே எடுத்து, மூன்றாவதை ஒழுங்காக அடித்து, நான்கில் கிரீன்.

27 ஜூலை

டிரைவர் விஷயத்தில் மறுபடி மாற்றிச் சொல்கிறேன். வடகிழக்கு நாளில், ஆற்றோரம் டீ குத்தி, தோளைச் சரியாக வைத்தால் முதல் ஹோலில் டிரைவர் அடிக்கலாம். தென்மேற்கில் வேண்டாம். மூன்றாவதில் எப்போதும் அடிக்கலாம், வளைவை வெட்டாமல் நேராக. ஆக ஜூன் 15-இல் நான் "ஆமாம்" என்று எழுதியது பாதி தப்பு. எந்தப் பாதி என்று அன்றன்றைய காற்று சொல்லும்.

10 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: நேற்று மகளிர் தின விடுமுறையில் ஆடினாராம், முதல் மூன்றில் ஒரே பந்துதான் போனதாம், அதுவும் இரண்டாவதில். 6, 5, 6. நான் அதே நாளில் 7, 3, 8. நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதை எல்லாரும் கவனிக்கவும்.

ஆட்டம் முடிந்து அவருக்கு முதல் தடவையாக பன்னி சவ் (டர்பன் இந்தியர்களின் ரொட்டிச் சாப்பாடு) வாங்கிக் கொடுத்தோம், கால் ரொட்டி அளவு, மட்டன். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்து ஸ்பூன் கேட்டார். அங்கிள் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அப்புறம் துன்னி ஆட உட்கார்ந்தோம். நம் "தண்ணி"யிலிருந்து வந்த பெயர் என்று இங்கே சொல்வார்கள், கரும்புத் தோட்டக் காலத்துச் சீட்டாட்டம். அதிலும் நான் தோற்றேன். தண்ணி எனக்கு எந்த வடிவத்திலும் ஆகாது.

1 செப்டம்பர்

ஒரு கடைசி விஷயம், மூன்றாவது டீ பக்கம் வேலியோரம் ஒரு பையன் முட்டை அட்டையில் பந்து அடுக்கி விற்பான். ஆற்றிலிருந்து எடுத்தவை, கழுவித் துடைத்து, ஒன்று பத்து ரேண்ட். என் பந்து எதுவென்று தெரிவதற்காக நான் எப்போதும் பச்சை மையில் "ழ" போடுவேன். வேறு எவனும் அந்தக் குறி போட மாட்டான் அல்லவா.

இன்று அட்டையில் பன்னிரண்டு பந்து. மூன்றில் "ழ". என்னுடையவை என்று காட்டினேன். அவன் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான். "இன்யோகா" என்றான், ஜூலுவில் பாம்பு. சுருண்டு படுத்த பாம்பென்று நினைத்திருக்கிறான். "இந்தப் பாம்புப் பந்துதான் எனக்கு அதிகமாகக் கிடைக்கும்" என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

மூன்றையும் வாங்கினேன். ஒரு ரேண்ட் கூடக் குறைக்கவில்லை.